தலையெழுத்தும் கன்னத்துப் புற்றும்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒருவருக்கு வாயில் புற்று வந்துவிட்டது என்று தெரிந்தால், ஊரார் முதன்முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்?" என்பதல்ல. "போன பிறவியில் என்ன பாவம் செய்தாரோ?" என்பதுதான். நோயாளியும் அதையே தம் வாயால் சொல்லிக் கொள்கிறார். வீட்டார் கோடாங்கியிடம் போய்க் குறி கேட்கிறார்கள். அவன் உடுக்கையை அடித்து, குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டீர்கள் என்கிறான். கிடா ஒன்று, சேவல் இரண்டு, பொங்கல் செலவு, வட்டிக்கு வாங்கிய பணம் என்று மூன்று மாதம் போய்விடுகின்றது. இந்த மூன்று மாதமும் புற்று விரதம் இருப்பதில்லை. கன்னத்திலிருந்து தாடைக்கும், தாடையிலிருந்து கழுத்துக்கும் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

நோய்க்கும் புற்று என்று பெயர், பாம்பு குடியிருக்கும் மண்மேட்டுக்கும் புற்று என்று பெயர். பெயர் ஒன்றாயிருப்பதைப் பார்த்து, நாகதோஷம் என்று சொல்லி, மண் புற்றில் பாலை ஊற்றினால் வாய்ப் புற்று ஆறும் என்று ஒருவன் நாளைக்குக் கிளம்பினாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். அதற்கும் நான்கு பேர் சொம்போடு போய் நிற்பார்கள்.

நாம் கேட்பதெல்லாம் இதுதான். இந்த நோய் தலையெழுத்தினால் வருவதென்றால், அந்தத் தலையெழுத்தை எழுதுகிறவன் தேசத்துக்குத் தேசம் இடத்தை மாற்றி எழுதுவானேன்? நம் பக்கத்தில் வெற்றிலைப் பாக்குடன் புகையிலையை அடக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வருகின்றது. அதுவும், எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அந்தப் பக்கத்திலேயே வருகின்றது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்தில் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள்ளே வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு மேலண்ணத்தில் வருகின்றது. தென் சீனத்தில் மூக்கின் பின்புறத்தில் அதிகமாக வருகின்றது. அதற்கு ஒரு வைரஸ் கிருமியும், உப்பிட்ட மீன் உணவும், குடும்பவழி உடற்கூறும் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொண்டையின் உள்நாக்குச் சதையில் இப்போது அதிகமாகக் காணப்படுகின்றது. அதற்குக் காரணம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் அதே பாப்பிலோமா வைரஸ். அதற்கு 2006 முதல் தடுப்பூசியே இருக்கின்றது. முன்வினைப் பயனுக்குத் தடுப்பூசி உண்டா என்று வைதீகத் தோழர்களைக் கேட்கின்றோம்.

வழக்கம் எங்கே படுகிறதோ அங்கே புண் வருகின்றது. இதைக் கண்டுபிடிக்கத் திரிகால ஞானம் வேண்டியதில்லை. 1933-இலேயே, அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருப்பதுமான நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றியும் அதன் வைத்தியத்தைப் பற்றியும் இலண்டன் லான்செட் பத்திரிகையில் எழுதிவிட்டார். புகையிலை சேர்ந்த வெற்றிலைத் தரிப்பு புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-இல் தீர்ப்புச் சொல்லிற்று. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2003-இல் கூடி முடிவு செய்தது. நெய்யூரில் எழுதி ஏறக்குறைய 90 வருஷமாகியும் நிச்சயதாம்பூலத் தட்டில் பாக்கு இல்லாவிட்டால் கல்யாணம் நிற்கின்றது. ஆனால் மாப்பிள்ளைக்கு வாய் திறக்காமற் போனால் அது மட்டும் தலையெழுத்து!

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறோம். சோழவந்தான் கொடிக்கால்காரர்கள் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. வெற்றிலை என்ற இலையின் மேல் குற்றமில்லை. குற்றம் பாக்கின் மேலும் புகையிலையின் மேலும்தான். பொட்டலத்தில் அடைத்து விற்கும் குட்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. தமிழ்நாட்டில் 2013-இல் அதற்குத் தடை போட்டார்கள். தடை போட்ட பிறகு அது பெட்டிக்கடையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்று நடும் பெண்ணும், சித்தாள் வேலை செய்கிற பெண்ணும், மூட்டை தூக்குகிறவரும் புகையிலையைக் கன்னத்தில் அடக்குவது உல்லாசத்துக்காக அல்ல. மத்தியானப் பசி தெரியாமலிருப்பதற்காக அடக்குகிறார்கள். ஆகவே அவர்களைப் பார்த்து "கெட்ட பழக்கம்" என்று மூக்கைச் சுளிக்கும் கனவான்களோடு நாம் சேரத் தயாரில்லை. அந்தப் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் கூலியைக் குறைத்தவன்.

நமது இயக்கத்தார்க்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. அறிஞர் அண்ணா புகையிலையும் பொடியும் பழகியவர் என்பது நாடறிந்தது. 1968-இல் நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில் உணவுக் குழாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மறைந்தார். 60 வயது கூட நிறையவில்லை. உணவுக் குழாய் தலை கழுத்துக் கணக்கில் சேராது என்று டாக்டர்கள் சொல்லலாம். அது பக்கத்து வீடு. இரண்டு வீட்டிலும் திருடுகிறவன் ஒருவனே.

நிற்க. வைத்தியத்துக்கு வருவோம். தலையெழுத்து என்று சொல்லி உட்காராமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டவர்களையும் திருப்பி அனுப்புகிற ஒரு பேச்சு நம் பக்கத்தில் இருக்கிறது. "கத்தி பட்டால் புற்று பரவிவிடும், தொடாதே" என்பதுதான் அது. படித்தவர்கள் வீட்டிலும் இதைக் கேட்கிறோம். துண்டு எடுத்துப் பரிசோதிக்கவே விடமாட்டேன் என்கிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்திருக்கும் என்று யோசித்தால், நான்காம் கட்டத்தில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆறு மாதத்தில் இறந்திருப்பார். கத்திதான் கொன்றது என்று ஊர் முடிவு செய்திருக்கும். கோடாங்கி வீட்டில் கழித்த மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கத்தியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம். வாயில் பிறந்த புற்று கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளுக்குத்தான் முதலில் போகிறது என்பதைப் பார்த்து, 1906-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் கிரைல் என்ற டாக்டர், 132 ஆபரேஷன்களின் அனுபவத்தைக் கொண்டு, கழுத்தின் ஒரு பக்கத்து நெறிக்கட்டிகளை எல்லாம் சதையோடும் நாளத்தோடும் சேர்த்து எடுத்துவிடும் முறையை எழுதினார். உயிர் பிழைத்தது. ஆனால் தோள் தொங்கிப் போயிற்று. 1963-இல் அர்ஜென்டினா நாட்டு சுவாரெஸ் என்பவர், நெறிக்கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சதையையும் நரம்பையும் காப்பாற்றலாம் என்று காட்டினார். பிறகு உலகமெங்கும் ஒரு விவாதம் நடந்தது. வாயில் சிறிய புற்று இருக்கிறது, கழுத்தில் கட்டி ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை. அப்பொழுதே கழுத்தையும் திறந்து எடுத்துவிடலாமா, அல்லது கட்டி வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாமா? பல தேசத்து டாக்டர்கள் இதை ஐம்பது வருஷம் பேசினார்கள். முடிவு கிடைத்தது எங்கே? பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில். 2004 முதல் 2014 வரை, நம்மைப் போல் பாக்கும் புகையிலையும் மென்ற நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, டாக்டர் அனில் டிக்ரூஸ் கூட்டத்தார் சோதித்தார்கள். 2015-இல் 500 பேருடைய கணக்கு வெளிவந்தது. கழுத்தை முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்று வருஷத்தில் 100-க்கு 80 பேர் உயிரோடிருந்தார்கள். கட்டி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 100-க்கு 67 அல்லது 68 பேர்தான் இருந்தார்கள். இன்று உலகமெங்கும் டாக்டர்கள் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுகிறார்கள்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையானால், முன்கூட்டியே அதிகமாகக் கத்தி பட்டவர்கள் அல்லவா அதிகமாகச் செத்திருக்க வேண்டும்? நடந்தது நேர் மாறாக இருக்கின்றதே! இதற்குப் பிறகும் கத்தியைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களை என்னவென்று சொல்வது?

"முகம் கோரமாகிவிடுமே" என்பது அடுத்த ஆட்சேபணை. இது நியாயமான பயம். இதைக் கேலி செய்யமாட்டோம். முன்காலத்தில் கன்னத்தை எடுத்தால் ஓட்டையாகத்தான் இருந்தது. 1979-இல் அமெரிக்காவில் மார்புச் சதையைத் திருப்பிக் கழுத்து வழியாகக் கொண்டு வந்து வாயை மூடும் முறை வந்தது. 1981-இல் சீன டாக்டர்கள் முன்கையின் தோலை இரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்து இரத்தக் குழாயில் தைத்து, புதிய நாக்கும் கன்னமும் உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். 1989-இல் நியூயார்க்கில் கீழ்க்கால் எலும்பை எடுத்துத் தாடை எலும்பாக வளைத்து வைத்தார்கள். இவையெல்லாம் இன்று தமிழ்நாட்டிலேயே நடக்கின்றன.

"இதெல்லாம் நம் சாஸ்திரத்தில் அன்றைக்கே இருந்தது" என்று யாராவது உடனே எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். நெற்றித் தோலைத் திருப்பி அறுபட்ட மூக்கை உண்டாக்கும் முறை நம் நாட்டில் இருந்தது உண்மை. 1794-இல் இலண்டன் பத்திரிகை ஒன்று, பூனாவில் கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு அப்படிச் செய்ததைப் படத்தோடு போட்டது. அந்த நெற்றித் தோலையே 1960-களில் கிளாஸ்கோ நகரத்தில் வாய்ப் புற்று நோயாளிகளுக்கு உபயோகித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் பூனாவில் அந்த ஆபரேஷனைச் செய்தவர் யார்? செங்கல் சுடும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர்! வைத்தியன் வீட்டுச் சோறு தீண்டத்தகாதது என்று மனு எழுதி வைத்த தேசத்தில், இரத்தத்தையும் சீழையும் தொடுகிற வேலை வேறு யாருக்கு வரும்? கையால் தொட்டவனைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் கையின் பெருமையை மட்டும் ஏட்டில் சேர்த்துக் கொள்வது என்ன நாணயம்?

குரல்வளைப் புற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1873 கடைசி நாளன்று வியன்னாவில் பில்ரோத் என்பவர் புற்றுக்காக முதன்முதல் குரல்வளை முழுவதையும் எடுத்தார். நூறு வருஷத்துக்கு மேல் அதுவே வழியாக இருந்தது. உயிர் மிஞ்சும், குரல் போகும். 1991-இல் அமெரிக்காவில் 332 பேரிடம் சோதித்ததில், முதலில் மருந்தும் பிறகு கதிரும் கொடுத்தால், ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் போலவே உயிர் வாழ்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குரல்வளையையும் காப்பாற்றிக் கொண்டார்கள். குரல்வளை போனவர்களுக்குத் தொண்டையில் பொருத்தும் பேச்சுக் கருவி வெளிநாட்டிலிருந்து வந்தால் பல ஆயிரம் ரூபாய். பெங்களூர் டாக்டர் விஷால் ராவ் சுமார் 50 ரூபாயில் ஒன்றைச் செய்து காட்டினார். பேசுவதற்கும் பணக்காரனாயிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அது நல்ல பதில்.

கதிர் வைத்தியம் என்றவுடன் "கரண்ட் வைக்கிறார்கள்" என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். வாய் வெந்து போகும், உமிழ்நீர் வற்றும், சாப்பிட முடியாது என்பதெல்லாம் உண்மைதான். ஐந்தாறு வாரம் கஷ்டம். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. பட்ட கஷ்டமும் வீண், புற்றும் ஒழியாது.

இந்த வைத்தியத்தில் நமக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டசபையில் நின்ற அதே அம்மையார், 1954-இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுக்குக் கதிரையும் மருந்தையும் ஒரே சமயத்தில் சேர்த்துக் கொடுத்துச் சோதித்து, 1970-களில் பிளியோமைசின் என்ற மருந்தைச் சேர்த்துக் கண்ட பலனை மேனாட்டுப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். கதிரோடு மருந்தைச் சேர்ப்பது இன்று உலகமெங்கும் முற்றிய நோய்க்கு வழக்கமான முறை. மருந்து மட்டும் பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்று மாறியிருக்கின்றது. தென் சீனத்து மூக்குப் புற்றுக்குக் கதிருக்கு முன்பே மருந்து கொடுப்பது மேலும் நல்லதென்று 2019-இல் கண்டார்கள். கன்னத்துக்கு ஒரு முறை, மூக்குக்கு ஒரு முறை. இடத்துக்கும் கட்டத்துக்கும் தக்கபடி வைத்தியம் மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே தாயத்து என்பது மந்திரவாதியிடம் மட்டும்தான்.

கடைசியாக, திரும்பி வந்துவிட்ட புற்று. உடம்பின் காவல் அணுக்களைத் தட்டி எழுப்பும் புது மருந்துகளை மேனாட்டில் கொடுக்கிறார்கள். விலையைக் கேட்டால் ஏழைக்கு மயக்கம் வரும். காணி நிலத்தை விற்றாலும் நான்கு ஊசிக்குக் காணாது. இங்கேயும் டாட்டா ஆஸ்பத்திரியார் ஒரு காரியம் செய்தார்கள். நிவோலுமாப் என்ற மருந்தை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம் கொடுப்பது வழக்கமாயிருக்க, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த கணக்குப்படி, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 16 பேர். இந்தச் சிறு அளவு மருந்தும் சேர்த்துக்கொண்டவர்களில் 43 பேர். மருந்துக் கம்பெனிகள் ஏழைக்காக இந்தச் சோதனையைச் செய்திருக்குமா? குறைவாக விற்பதற்கு எந்த வியாபாரி சோதனை நடத்துவான்?

இவ்வளவும் இருக்க, முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்று ஓடிவிடும் என்று கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டிருக்கிறார்கள். பழைய கோடாங்கியாவது ஊருக்கு ஒருவன் இருந்தான். இந்தப் புதுக் கோடாங்கி ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் இருக்கிறான்.

இத்தனை வைத்தியமும் நோயை எந்தக் கட்டத்தில் கண்டார்கள் என்பதைப் பொறுத்தது. வயிற்றுப் புற்றையும் ஈரல் புற்றையும் கண்ணால் பார்க்க முடியாது. வாயைத் திறந்தால் வாய்ப் புற்று தெரியும். தெரிந்தும், 2022-ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி உலகத்தில் புதிதாக வாய்ப் புற்று கண்ட சுமார் 3,89,000 பேரில் இந்தியர் மட்டும் 1,43,000-க்கு மேல். அந்த ஒரே வருஷத்தில் நம் நாட்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர்.

கேரளத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1996-இல் தொடங்கி, திருவனந்தபுரம் பக்கத்தில் 13 பஞ்சாயத்துகளில் ஏறக்குறைய 1,90,000 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்ல. பட்டம் படித்த சாதாரண வாலிபர்கள், பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். 2005-இல் கணக்குப் பார்த்ததில், புகையிலையோ குடியோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பாக்கு தின்னும் தைவானிலும் 2004 முதல் சர்க்காரே இப்படிப் பார்க்கின்றது. தமிழ்நாட்டில் 2023-இல் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

மூன்று வாரத்தில் ஆறாத புண், கன்னத்தில் வெள்ளைத் தடிப்பு அல்லது சிவந்த படை, வாய் நாளுக்கு நாள் திறக்க முடியாமற் போவது, ஆடும் பல், காரணமில்லாத குரல் கம்மல், கழுத்தில் வலிக்காத கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உசிலம்பட்டிக்காரரானாலும் மேலூர்க்காரரானாலும் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாயைக் காட்ட வேண்டும். மதுரைப் பெரியாஸ்பத்திரியும், அதைச் சேர்ந்த பாலரெங்கபுரத்துப் புற்றுநோய் மையமும் பஸ்ஸில் போகிற தூரம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்று வைத்தியமும் அதில் அடங்கும். கூலிப் பெண்கள் புருஷனும் பிள்ளையும் கூட்டிப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போக ஊரிலுள்ள நமது தோழர்கள் ஒரு நாள் கூலியை விட்டால் என்ன?

சர்க்காரை நாம் கேட்பது ஒன்று. மதுரைச் சுற்று வட்டாரத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும், 30 வயதுக்கு மேற்பட்டோர் ஒவ்வொருவர் வாயையும் டார்ச்சு வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனை லட்சம் பேர் வாயைப் பார்த்தோம் என்று அறிக்கை விட்டால் மட்டும் போதாது. வெள்ளைத் தடிப்பு இருக்கிறதென்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் பாலரெங்கபுரம் வந்து சேர்ந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை, பஸ் காசு இல்லாமலா, கூலி போகுமென்றா, கோடாங்கி தடுத்தா என்ற கணக்கும் கிராமம் கிராமமாக வெளியிடப்பட வேண்டும்.